சுண்டுச் சத்தம் கேட்டாலே வாய் ஊறுகிறது: இரவுப் புட்டை எப்படிக் குறைப்பது?

கொக்குவில் கணக்கன்

எல்லோருக்கும் வணக்கம். சிரிப்பீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். நான் விட வேண்டியது சிகரெட்டும் இல்லை, சாராயமும் இல்லை. புட்டு.

வயது 47. டவுனில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டரையில் இருந்து பின்னேரம் ஐந்தரை வரை கதிரைதான். போன மாதம் பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் இரத்தத்தில் சீனி பார்த்தார்கள், வெறும் வயிற்றில் 118. பிறகு மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும் செய்தேன், 6.2. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர், "வருத்தம் இன்னும் வரேல்ல, வாசலில நிக்குது" என்றார். குளுசை தரவில்லை. மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ, நடவுங்கோ, மூன்று மாதத்தால் வாருங்கோ. எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். எதைக் குறைப்பது, எப்படிக் குறைப்பது என்று நான் வாயைத் திறக்க முதல் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாண் எனக்குப் பிரச்சினை இல்லை. சோறு மத்தியானம் ஒரு கோப்பை, அதற்கு மேல் மனம் கேட்காது. சீனி இல்லாத தேத்தண்ணி பழகி நாலு வருடம். இடியப்பம்கூட எட்டோடு நிற்பாட்டிவிடுவேன். புட்டில்தான் நான் மனிசனாக இருப்பதில்லை.

வீட்டில் அம்மா இருக்கிறார், 74 வயது. இரவுச் சாப்பாடு இன்றைக்கும் அவர் பொறுப்பு. ஆறரைக்கு விளக்கு வைத்துவிட்டுக் குசினிக்குள் போவார். மாவைக் குழைத்து, சுண்டு (மா அளக்கிற பேணி) விளிம்பால் கொத்தத் தொடங்குவார். டக் டக் டக். விறாந்தையில் இருக்கிற எனக்கு அந்த நேரமே வாய் ஊறும், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிறகு புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியால் ஆவி வரும். வறுத்த சிவப்பரிசி மாவும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து அவியும் வாசம். முதல்நாள் மீன் குழம்பு சட்டியில் வற்றிப் போய்க் கிடந்தால் கதை முடிந்தது.

எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. ஒரு நாள் கடையில் இருந்து சின்னத் தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தேன். கறி, சொதி இல்லாமல் வெறும் புட்டு மட்டும் 460 கிராம். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லைப் போல இருந்தது.

இதுவரை செய்து பார்த்தவை: ஒரேயடியாக நிற்பாட்டினேன். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு குசினிக்குள் போய், மூடியிருந்த சட்டியைத் திறந்து, நின்ற நிலையிலேயே கையால் அள்ளிச் சாப்பிட்டேன். லைற்றும் போடவில்லை. பிறகு குரக்கன் புட்டுக்கு மாறினேன். 'இது மருந்துதானே' என்ற துணிவில் முன்பைவிடக் கூட இறங்கியது. மூன்றாவது ஓட்ஸ். அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை. மதிலில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு நல்ல சாமான்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடாமல் இருக்கிறேன், வருடா வருடம். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. அப்படிப்பட்டவனுடைய கட்டுப்பாடு ஆறரை மணிக்கு எங்கே போகிறது? இதைக் கடந்து வந்த யாராவது இருந்தால் சொல்லுங்கள். 'மனம் வைத்தால் முடியும்' என்று மட்டும் எழுத வேண்டாம், அதை மனைவி ஏற்கனவே சொல்லிவிட்டார்.

பருத்தித்துறைப் பொடியன்

அண்ணை, 460 கிராமா! எங்கட வீட்டில் அது மூன்று பேருக்குக் காணும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், வெளிநாடு போவது. அங்கே போன என் சித்தப்பா புட்டு மாவை ஃபிரிஜ்ஜில் வைத்துப் பூட்டிச் சாப்பிடுகிறாராம். பகிடி விட்டாலும் ஒரு கேள்வி. புட்டோடு மாம்பழம் சேர்ப்பீர்களா? கறுத்தக்கொழும்பான் காலத்தில் சோதித்திருந்தால் 118 இல்லை, 180 வந்திருக்கும்.

மனையியல் ரீச்சர், இணுவில்

தம்பி, முதலில் ஒன்று. சட்டியில் அள்ளித் தின்றதை வெளியே சொன்னீர்களே, அதற்கு ஒரு துணிவு வேண்டும். நானும் தின்றிருக்கிறேன். எனக்குச் சலரோகம் (நீரிழிவு) வந்து 16 வருடம். அதற்கு முதல் 'மாப்பொருள் என்பது காபோவைதரேற்று வகையைச் சேர்ந்தது' என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே மாப்பொருளை இரண்டு நீத்துப்பெட்டி விழுங்கினவள் நான். படிப்பு வேறு, வாய் வேறு.

சோற்றில் நிற்க முடிந்த உங்களுக்குப் புட்டில் ஏன் முடியவில்லை? அரிசி மணியாக இருக்கும்போது உள்ளே இருக்கும் மாப்பொருளை உடைத்தெடுக்க வயிறும் குடலும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மில்லில் அரைத்தால் அந்த வேலையில் பாதியை மில் செய்து முடித்துவிடும். அதை ஆவியில் அவித்தால் மிச்சமும் முடியும். உமிழ்நீரில் இருக்கிற அமிலேசு வாய்க்குள்ளேயே அதைப் பிடித்துக்கொள்ளும். அரை மணித்தியாலத்தில் சீனி இரத்தத்தில் ஏறும், சதையி (கணையம்) இன்சுலினைத் தள்ளும். சீனி விரைவாக ஏறி விரைவாக இறங்கினால் பலருக்கு மறுபடி பசிக்கிற மாதிரி இருக்கும். எட்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு 'ஏதாவது கிடக்கோ' என்று தேடுகிற வழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இருக்கும்.

மாவின் சிவப்பு நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசியைத் தவிட்டோடு இடித்து எடுத்தால் அதில் நார் இருக்கிறது. அதையே அரைத்து, அரிதட்டில் அரித்து, மேலே நிற்கிற கப்பியைக் கோழிக்குப் போட்டுவிட்டால் என்ன மிஞ்சும்? குரக்கனும் அப்படித்தான். கல்சியம் உண்டு, நார் உண்டு, நல்ல தானியம். ஆனால் அதுவும் மா. சலரோகத்துக்கு மருந்து என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரு குளுக்கோமீற்றரைக் கொடுத்துப் பாருங்கள்.

அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். பாவ்லோவ் என்ற ரஷ்யர் சமிபாட்டு ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கினவர். சாப்பாடு வரமுதல், அது வரப்போகிறது என்ற அடையாளத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறியதைப் பார்த்தவர் அவர். கோவிக்காதீர்கள், அதேதான் உங்கள் விறாந்தையிலும் நடக்கிறது. 47 வருடம் ஆறரைக்குச் சுண்டு தட்டினால் ஏழு மணிக்குப் புட்டு. அது மனக்கட்டுப்பாட்டுக் குறை இல்லை, பழக்கம். திருவிழாவுக்கு நீங்கள் மச்சம் விடுகிறபோது உங்கள் வீட்டில் மீன் சட்டியே அடுப்பில் ஏறாது. ஊரே அப்படித்தான் இருக்கும். வாசம் இல்லை, சத்தம் இல்லை, கேட்பாரும் இல்லை. புட்டுக்கு மட்டும் பக்கத்தில் இருந்து வாசம் பிடித்துக்கொண்டு விரதம் இருக்கப் பார்த்தீர்கள். ஒன்பது நாள் இருந்ததே பெரிது.

நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எது சரிவரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? பன்னிரண்டரை என்றால் இரவு ஏழரை வரை ஏழு மணித்தியாலம் வெறும் தேத்தண்ணியில் ஓடுகிறது. அப்படி இருந்துவிட்டு எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் வாய் ஊறத்தான் செய்யும். நான் நாலரை ஐந்துக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலை சாப்பிடத் தொடங்கினேன். தேங்காய்ச் சொட்டு இரண்டு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்தது. சில நாள் கச்சான். இந்த ஒன்றிலேயே என் இரவுச் சாப்பாடு காற்பங்கு குறைந்தது. மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகுதான் பிடிபட்டது.

அடுத்தது, கறி முதலில். கோப்பையில் மீனும் கீரையும் கத்தரிக்காயும் போட்டு அதை முடித்துவிட்டுத்தான் புட்டுக்குக் கை போகும். இது லேசில்லை. கறியைத் தனியே தின்கிறது பேராசைக்காரர் வேலை என்று அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் கோப்பையைப் பறித்திருப்பார். ஆனால் நாரும் புரதமும் முதலில் உள்ளே போனால் பின்னால் வருகிற மா மெதுவாகத்தான் ஏறும். வயிறும் அதற்குள் பாதி நிறைந்திருக்கும்.

சொதி ஊற்றிப் பிசைவதை விட்டேன். பிசைந்தால் மெல்ல வேலை இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். 460 கிராம் அப்படித்தான் போயிருக்கும். புட்டை உதிரியாக, சம்பலோடு, வறட்சியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். நூறு கிராம் தாண்ட முதல் தாடை நோகும்.

பிறகு கீரைப் புட்டு. ஒரு சுண்டு மாவுக்கு இரண்டு சுண்டு முருங்கை இலை, நெருக்கி அமத்தி அளந்தது. சின்ன இறால் கிடைத்தால் அதுவும், பச்சை மிளகாய், வெங்காயம். மாவைக் குழைக்கும்போது தண்ணீரைக் குறைத்துத் தெளியுங்கள், இலை அவியும்போது தண்ணீர் விடும். இலையை மாவோடு சேர்த்துக் கொத்தக்கூடாது. கொத்தி முடிந்தபிறகு விரலால் பிரட்டினால் போதும். கொத்தினால் கட்டிபட்டு, கறுத்து, பார்க்கவே மனம் வராது. பெட்டி நிறைந்து தெரியும், மா பாதிதான். இதைப் புட்டுக்குப் பதில் என்று நினைத்துச் சாப்பிட்டால் பிடிக்காது. வேறு ஒரு சாப்பாடு என்று நினையுங்கள்.

என் உடம்பில் நான் குத்திப் பார்த்த கணக்கு இது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, பழைய மாதிரிப் புட்டும் சொதியும் 241. கறி முதலில், கீரைப் புட்டு அரைப் பெட்டி 172. அதே சாப்பாட்டுக்குப் பிறகு வளவுக்குள் கேற்றுக்கும் கிணற்றுக்கும் இடையில் இருபது நிமிடம் நடந்த நாள் 151. உங்களுடையது வேறாக இருக்கும், நான் குளுசை போடுகிறவள்.

கடைசியாக ஒரு கேள்வி. நீங்கள் எழுதியதில் டொக்டர் வருகிறார், மனைவி வருகிறார், தராசு வருகிறது. அம்மாவுக்கு ரிப்போர்ட்டைக் காட்டினீர்களா?

கொக்குவில் கணக்கன்

ரீச்சர், நன்றி. பத்தரைக்குத் தேடுவது உண்மை. மத்தியானம் பன்னிரண்டரை என்பதும் உண்மை. எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒன்பது நாள் நிற்பாட்டியபோது 'வயிறு சரியில்லை' என்று சொல்லி வைத்தேன். அவர் தினமும் ஓமத்தண்ணி காய்ச்சித் தந்தார். குடித்தேன்.

தம்பி பொடியன், மாம்பழத்தை ஞாபகப்படுத்தாதையும்.

மருந்துக்கடைத் தங்கச்சி

ரீச்சர் அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கணக்கன் அண்ணாவுக்குக் குளுசை இல்லை, அதனால் மாவைக் குறைப்பதில் பெரிய பயம் இல்லை. ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்கள் கவனம். இன்சுலின் ஏற்றுகிறவர்கள், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் மாதிரிக் குளுசை போடுகிறவர்கள், டொக்டரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டில் மாவைத் திடீரென்று வெட்டக்கூடாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சாப்பாடு குறைந்தால் சீனி மட்டுக்கு மீறி இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், சிலர் நித்திரையிலேயே மயங்கிவிடுவார்கள். அளவு 70க்குக் கீழே போனால் உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தால் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். மெட்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. கடைக்கு வந்து "புட்டை விட்டுட்டன் பிள்ளை, ஆனா ஒரே நடுக்கமாக் கிடக்கு" என்று சொன்ன ஐயா ஒருவருக்கு நானே சீனித்தண்ணி கரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கரவெட்டியான்

எல்லோரும் அரிசி மாவையே சுற்றிச் சுற்றி நிற்கிறீர்கள். எங்கள் ஆச்சி காலத்தில் ஒடியல் புட்டுத்தான். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மா. தொண்ணூறு வயது வரை இருந்தா, சீனியும் இல்லை பிரஷரும் இல்லை. அதற்கு மாறுங்கள், ஆசையும் தீரும், வருத்தமும் வராது.

மனையியல் ரீச்சர், இணுவில்

கரவெட்டித் தம்பி, ஒடியலில் நார் கூட, அது சரி. கைப்புப் போக ஊறவைத்துப் பிழிந்து செய்தால் ருசியும் உண்டு, எனக்கும் விருப்பம். ஆனால் கிழங்கும் மாப்பொருள்தான். உங்கள் ஆச்சி தோட்டத்துக்கு எத்தனை தரம் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தா, கோயிலுக்கு எவ்வளவு தூரம் நடந்தா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதிரையில் ஒன்பது மணித்தியாலம் இருந்துவிட்டு ஆச்சியின் புட்டை மட்டும் கேட்டால் எப்படி?

சுன்னாகம் அம்மா

இடையில் வேறு கேள்வி, மன்னிக்கவும். என் மகளுக்கு 16 வயது. புட்டு, சோறு ஒன்றிலும் பெரிய விருப்பம் இல்லை. ஆனால் மாவுக்கு ஊறப்போட்ட பச்சை அரிசியைக் கை கையாக எடுத்து மெல்லுகிறாள். ஏசினால் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள். ஐஸ்கட்டியும் கடிக்கிறாள். இதுவும் இந்த மாதிரி ஆசையா?

மருந்துக்கடைத் தங்கச்சி

அக்கா, இது அந்த ஆசை இல்லை. பச்சை அரிசி, ஐஸ், சோக்கட்டி இப்படித் தேடுகிறவர்களில் நிறையப் பேருக்கு உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்திருக்கும். மாதவிடாய் கூடப் போகிற பிள்ளைகளுக்கு முக்கியமாக. ஏச வேண்டாம், கூட்டிக்கொண்டு போய் ஹீமோகுளோபினும் ஃபெரிற்றினும் பாருங்கள். குறைவு என்று கண்டால் குளுசை தருவார்கள், அந்தத் தேட்டம் பெரும்பாலும் தன்பாட்டில் போய்விடும். குளுசையைத் தேத்தண்ணியோடு மட்டும் கொடுக்காதீர்கள். சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது.

கொக்குவில் கணக்கன் (ஏழு வாரத்துக்குப் பிறகு)

எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். ரீச்சர் கேட்ட கடைசிக் கேள்விதான் காரணம்.

அம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஆங்கிலம் வாசிக்க மாட்டார். 6.2 என்றால் என்ன, சலரோகம் தொடங்குகிற 6.5 என்றால் என்ன, நான் எங்கே நிற்கிறேன் என்று கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டு விளங்கப்படுத்தினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப இவ்வளவு நாளும் நான்தான் உனக்கு நஞ்சு வைச்சனானோ?" என்றார்.

இல்லையம்மா என்றேன். கேட்கவில்லை. "95இல மீசாலையில சீலையைக் கட்டி அவிச்சுத் தந்தனான். அப்ப உனக்கு ஒண்டும் வரேல்ல."

அந்தக் கதை இங்கே பல பேருக்குத் தெரியும், அவரவர் வீட்டிலும் ஒன்று இருக்கும். ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது நீத்துப்பெட்டி குசினிச் சுவரிலேயே தொங்கிப்போய்விட்டது. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஆறு குடும்பம். அம்மா பானை வாயில் சீலைத்துண்டைக் கட்டி, நிவாரணக் கோதம்பை மாவை அதில் அவித்தார். தேங்காய்ப்பூ பேருக்கு. கல்லு மாதிரிப் புட்டு. எனக்கு 17 வயது, என் பங்கைத் தின்று முடித்துவிட்டுத் தங்கச்சியின் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா தன்னுடையதை என் கோப்பையில் தட்டினார். 'நான் முதலே சாப்பிட்டிட்டன்' என்றார். இப்போது கணக்கில் எழுத என்னால் முடிகிறது, அன்றைக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அம்மா கதைக்கவில்லை. இரண்டு நாளும் இரவு எனக்கு ஓட்ஸ் காய்ச்சி, மூடி வைத்து, "கிடக்கு" என்று மட்டும் சொன்னார். அதையும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் கடையால் வந்தேன். விறாந்தையில் முருங்கைக் கொப்பு ஒன்று முறித்துப் போட்டுக் கிடந்தது. அம்மா இலை ஆய்ந்துகொண்டிருந்தார். ரீச்சர் எழுதியதை மகள் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "உந்த ரீச்சர் சொல்லுறது சரிதான், ஆனா ரண்டு சுண்டு இலை கூட. ஒண்டரை போட்டால்தான் மா பிடிக்கும்." ரீச்சர், மன்னிக்க வேண்டும், எங்கள் வீட்டில் ஒன்றரைதான். அடுத்த நாள் திருநெல்வேலிச் சந்தையில் சின்ன நீத்துப்பெட்டி ஒன்று பேரம் பேசி வாங்கி வந்தார். அது நிறைய அவித்தால் நிறுத்தபோது 170 கிராம். எனக்கு அது ஒன்றுதான். கேட்டாலும் கிடைக்காது. முன்பெல்லாம் கோப்பை காலியாகுமுதல் பின்னால் வந்து ஒரு கை போட்டுவிட்டுப் போகிறவர், இப்போது மாச் சுண்டைக் கத்தி முதுகால் தட்டி மட்டப்படுத்தி அளக்கிறார். நாலு நிமிட டொக்டர் இவரிடம் படிக்க வேண்டும்.

கடலை வேலை செய்கிறது. ஐந்து மணிக்குக் கடையிலேயே சாப்பிடுகிறேன், முதலாளியும் ஒரு கை எடுக்கிறார், அதனால் இப்போது இரண்டு பேருக்கு அவித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கறியை முதலில் சாப்பிடுவது இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது, வீட்டில் செய்கிறேன், வெளியில் முடியவில்லை. ஆறரைக்கு மகளை ரியூசனால் ஏற்றுகிற வேலையை மனைவியிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது கொத்தி முடிந்திருக்கும், ஆவி மட்டும். சத்தம் இல்லாவிட்டால் வாசம் அவ்வளவு இழுக்கவில்லை, இது எனக்கே புதினம். வெள்ளைப் புட்டு, அதாவது இலை போடாதது, ஞாயிறு காலமை மட்டும். அது காலமைச் சாப்பாடு என்பதால் பிறகு நாள் முழுக்க ஏதோ அலைச்சல் இருக்கும், முந்தி மாதிரிச் சாப்பிட்ட கையோடு படுக்கை இல்லை.

தோல்வியையும் எழுத வேண்டும். நாலாவது வாரம் மானிப்பாயில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனேன். கணவாய்க் கறி. மழை வேறு. தராசு இல்லாததால் அளவு தெரியாது, தெரியவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஆர் அவிச்சது?" என்று கேட்டார். நண்பனின் மனைவி என்றேன். "மா வறுத்தது காணாதே, வாயில ஒட்டுமே" என்றார். அவ்வளவுதான் விசாரணை. ஆனால் அடுத்த நாள் கடலை இரண்டு மடங்கு அவித்து வைத்திருந்தார்.

போன கிழமை வெறும் வயிற்றில் 109. நிறை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறைந்திருக்கிறது. சராசரிச் சோதனைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. ஆசை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு தினமும் வந்தது, இப்போது கிழமைக்கு மூன்று தரம் வருகிறது. வந்து ஒரு கால் மணித்தியாலம் நின்றுவிட்டுப் போகிறது.

இன்றைக்கு மகளுக்கு ரியூசன் இல்லை. நேரம் ஆறு நாற்பது. எங்கள் குசினியில் சத்தம் இல்லை, அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சுண்டால் கொத்துகிறார்கள். அவர்கள் வீட்டில் கைவேகம் காணாது, நடுவில் நடுவில் நிற்கிறது. கடலைப் பேணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்கினேன். அடியில் கறிவேப்பிலை மட்டும் கிடக்கிறது.